சம்பூர் மின் திட்டம்

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரில் 2006 முதல் முன்வைக்கப்பட்டுவரும் மின்னுற்பத்தித் திட்டம். நிலக்கரித் திட்டமாகத் தொடங்கிக் கைவிடப்பட்டு, பின்னர் சூரிய மின்திட்டமாக மாறியது. இதன் வரலாறு சம்பூர் மக்களின் இடப்பெயர்வோடும், அவர்கள் தெற்கே தஞ்சம் புகுந்த வாகரை, கதிரவெளி ஊர்களோடும் பிணைந்தது.

பின்னணி

இலங்கையில் மின்சாரம் நெடுங்காலமாக அரசின் பொறுப்பு. இலக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை 1969இல் உருவானது. நாட்டின் பெரிய மின் நிலையங்கள் ஒரே கட்டமைப்பில் இணைந்து, 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. உற்பத்தியும் பாவனையும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் அந்த அதிர்வெண் நிலைக்கும். அதனால் புதிய நிலையம் எங்கே அமைவது என்பது கொழும்பில் தீர்மானமாகிறது. நிலத்தைக் கொடுப்பது தொலைவிலுள்ள ஏதோ ஓர் ஊர்.

இடப்பெயர்வு

உள்நாட்டுப் போரில் 2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சால், சம்பூரை உள்ளடக்கிய மூதூர் கிழக்கு மக்கள் வெளியேறினர். செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. பலர் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைப் பகுதிக்கு வந்தனர். நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் விழுந்ததில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நிலக்கரித் திட்டம்

அடுத்த மாதமே, டிசெம்பர் 29ஆம் திகதி, இந்தியாவின் என்.டி.பி.சி. நிறுவனத்தோடு 500 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கான உடன்பாடு கைச்சாத்தானது. 2007 மேயில் இப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. காணிக்குரியவர்கள் கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். முதலீட்டுச் சபைக்கு ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் 2015இலும், கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016இலும் விடுவிக்கப்பட்டன. சூழல் பாதிப்பை முன்வைத்து வழக்கும் தொடுக்கப்பட்டது. நிலக்கரி நிலையம் அமைக்கப்படாது என 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது.

சூரிய மின்திட்டம்

2022 மார்ச்சில் சம்பூரில் சூரிய மின்னுற்பத்திக்கு உடன்பாடு காணப்பட்டது. அம்மாத இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தின் பணிகளை 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் சனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் தொடக்கிவைத்தனர்.

மதிப்பீடு

பத்தாண்டுகள் பேசப்பட்ட நிலக்கரித் திட்டம் ஓர் அலகு மின்சாரமும் தரவில்லை. அக்காலத்தின் பெரும்பகுதியைச் சம்பூர் மக்கள் முகாம்களிலேயே கழித்தனர். கிழக்கில் இனி அமையும் எந்த மின் திட்டமும் காணிக்குரியவர்களின் சம்மதத்தோடுதான் தொடங்க வேண்டும்.