தலைசுற்றல் காதுக்குள் இருந்த கதை

மண்டையோட்டு எலும்புக்குள் புதைந்துள்ள உட்செவியில், ஒலியை உணரும் நத்தைச்சுருளும் தலையின் சுழற்சியை உணரும் மூன்று அரைவட்டக் கால்வாய்களும் ஒட்டியே இருக்கின்றன. இரண்டிலும் திரவம் உண்டு. அது அசையும்போது தூண்டப்படும் மயிர்ச்செல்களும் உண்டு. 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய உடற்கூற்று அறிஞர்கள் இக்கால்வாய்களை விவரித்துவிட்டார்கள். ஆனால் காதுக்குள் இருப்பதெல்லாம் கேட்பதற்கே என்ற நம்பிக்கை மேலும் முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. கால்வாய்கள் மூன்று திசைகளில் அமைந்திருப்பது ஒலி வரும் திசையை அறியத்தான் என்றுகூட விளக்கம் சொன்னார்கள்.

1820களில் பாரிஸில் பியேர் ஃப்ளூரான் புறாக்களின் கால்வாய்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். கிடைமட்டக் கால்வாயை வெட்டியதும் புறாவின் தலை இடமும் வலமுமாக ஓயாமல் ஆடியது. செங்குத்துக் கால்வாய்களை வெட்டியபோது புறா குப்புறவோ மல்லாக்கவோ உருண்டது. ஆனாலும் அதற்குக் காது கேட்டது. நத்தைச்சுருளைச் சிதைத்தால் கேட்கும் திறன் போனது, நடை தடுமாறவில்லை. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் மருத்துவர்கள் இதை நோயாளியோடு பொருத்திப் பார்க்கவில்லை. தலைசுற்றி விழுந்தவருக்கு மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்று கருதி, உடலிலிருந்து ரத்தம் வடித்தார்கள். ஏற்கெனவே தளர்ந்தவரை அது மேலும் தளர்த்தியது.

பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த ப்ராஸ்பர் மெனியேர் அந்தப் பிழையைத் திருத்தினார். தலைசுற்றலோடு காது இரைச்சலும் செவித்திறன் குறைவும் சேர்ந்து வந்தால் கோளாறு உட்செவியில்தான் என்று 1861இல் மருத்துவ அகாதெமியில் அறிவித்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது.

1870களில் எர்ன்ஸ்ட் மாக், யோசெஃப் ப்ராயர், க்ரம் பிரவுன் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: தலை திரும்பும்போது கால்வாய்த் திரவம் சற்றுப் பின்தங்குகிறது, அந்தப் பின்தங்கலே உணர்வாகிறது.

எஞ்சிய ஐயத்தைத் தீர்த்தது வியன்னாவின் காது மருத்துவமனையில் நடந்த ஓர் அன்றாட வேலை. ராபர்ட் பாரனி நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவியபோது சிலருக்குத் தலை சுற்றியது. கண்கள் வெடுக் வெடுக்கென ஒரு பக்கமாக இழுத்தன. நீர் குளிர்ந்திருந்ததால்தான் இப்படி என்றார் ஒரு நோயாளி. மிகச் சூடான நீரை விட்டபோதும் தலை சுற்றியது, ஆனால் கண்கள் எதிர்ப்பக்கம் இழுத்தன. சூடான திரவம் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். கால்வாயில் ஓட்டத்தின் திசை மாறினால் கண்ணின் திசையும் மாறும் என்று பாரனி விளக்கினார்.

1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. அவருடைய சோதனை, 30 டிகிரி, 44 டிகிரி செல்சியஸ் நீரைக்கொண்டு, காது மூக்கு தொண்டை மருத்துவமனைகளில் இன்றும் செய்யப்படுகிறது.