கப்பலேறிய பாஞ்சாலி

செஞ்சியிலிருந்து எந்தத் திக்கில் புறப்பட்டாலும் சிறிது தூரத்துக்குள் ஒரு திரௌபதை அம்மன் கோயில் எதிர்ப்படும். திண்டிவனத்துக்காரனாகிய எனக்கு இது புதுமையல்ல. சித்திரை மாதத்து இரவுகளில் பாரதப் பிரசங்கியாரின் குரலைக் கேட்டுக்கொண்டே மணலில் தூங்கிப்போனவன் நான். ஆனால் 2023-ம் வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில் குடியிருக்கும் என் தங்கை, "அண்ணா, இன்றைக்குத் தீமிதி, சீக்கிரம் குளித்துவிட்டு வா" என்றபோது சிரித்துவிட்டேன். ஏசுநாதர் சிலுவையில் அறையுண்ட நாளுக்கும் பாஞ்சாலிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16-ந் தேதி அது டர்பனில் 342 பேரை இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்காகப் பிடிக்கப்பட்ட கூலிகள் அவர்கள். 5 வருஷக் கட்டு. முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. 1911-ல் இந்த வியாபாரம் நிறுத்தப்படுவதற்குள் சுமார் 1,52,000 பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரும்பாலோர் சென்னை ராஜதானிக்காரர்கள். அவர்களில் எங்கள் தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. இன்று விழுப்புரம் மாவட்டம் என்கிறோமே, அதே மண்தான். பக்கத்திலேயே புதுச்சேரி, அங்கே பிரெஞ்சுக்காரனின் ஆள்பிடிப்பு வேறு. அண்ணன் ரீயூனியனுக்கும் தம்பி நேட்டாலுக்கும் போயிருந்தால்கூட ஆச்சரியமில்லை.

கையில் மூட்டையில்லாமல் போனவர்கள் தெய்வத்தை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று கேட்கலாம். திரௌபதை அம்மனைக் கொண்டுபோக மூட்டை வேண்டாம். பாரதக் கதை வாயில் இருக்கிறது; தீமிதிக்கு விறகு எங்கும் கிடைக்கும். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயில்தான் இந்த வழிபாட்டுக்கு ஆதியிடம் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை ஆராய்ந்து 1988-ல் பெரிய புத்தகமே எழுதினார். கோயிலில் படிக்கும் பாரதத்தைப் பாடிய வில்லிபுத்தூராரும் திருமுனைப்பாடி நாட்டுக்காரர். அதாவது எங்கள் அக்கம்பக்கம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும், மண்ணால் படுத்த கோலத்தில் துரியோதனனைச் செய்து படுகளம் நடத்துவதும், பாஞ்சாலி கூந்தல் முடிவதும், மாலையில் ஜனங்கள் நெருப்பில் இறங்குவதும் நாம் அறிந்ததே. அந்த அம்மனுக்குக் காவலாக முத்தாலராவுத்தன் என்றொரு முஸ்லிம் வீரன் நிற்பதைத்தான் வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

நேட்டாலுக்குப் போனவர்கள் இந்த ஒட்டுறவையும் விடவில்லை. முஹர்ரம் ஊர்வலத்தில் இந்துக் கூலிகளும் திரளாகச் சேர்ந்து ஆடினார்கள். வெள்ளைக்காரர்கள் அதற்குக் 'கூலிக் கிறிஸ்துமஸ்' என்று இளக்காரமாகப் பெயர் வைத்தார்கள். தீமிதிக்கோ துரை ஆலையை மூடினால்தான் ஓய்வு. துரை மூடுவது தன் பண்டிகைக்கு. எங்கள் ஊரில் பங்குனி, சித்திரையில் வரும் திருவிழா அங்கே அதை ஒட்டி வரும் பெரிய வெள்ளிக்கு நகர்ந்துகொண்டது. பஞ்சாங்கம் பார்க்கவும் சுதந்திரம் வேண்டியிருக்கிறது!

நாங்கள் போனது கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயம். 1875-ல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த கோயிலை 1905-ம் வருஷத்து வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தப்பிய மரக்கதவுகளைக் காப்பாற்றி வைத்திருந்து, 1947-ல் கட்டிய இந்தக் கோயிலில் பொருத்தியிருக்கிறார்கள். அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். 1949 ஜனவரிக் கலவரத்தில் டர்பனில் 142 பேர் மாண்டார்கள். பின்பு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து இந்தச் சுற்றுவட்டாரத்து ஜனங்களையே பெயர்த்துத் தூர எறிந்தது. கோயில் மட்டும் நின்றது. திருவிழாவன்று ஜனங்கள் அதைத் தேடி வந்தார்கள்.

அன்றைக்கு நான் கண்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! மஞ்சள் உடுத்திய ஆயிரக்கணக்கானவர்கள். பத்து நாள் விரதம். உடுக்கையும் பறையும் ஒரே முழக்கம். பாதிப் பேருக்குத் தமிழ் பேச வராது. ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தமிழ்ப் பாட்டை வைத்துக்கொண்டு, 'ழ'கரத்தை மட்டும் எங்கோ தொலைத்துவிட்டுத் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். 'கோவிந்தா!' என்ற கோஷத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. வங்கி அதிகாரி, பஸ் ஓட்டுகிறவர், கல்லூரிப் பெண் எல்லாரும் வரிசையாக நெருப்பில் இறங்கினார்கள். பக்கத்தில் ஒரு ஸூலுப் பெண், முதுகில் குழந்தையைக் கட்டியபடி கைகூப்பி நின்றாள். பிறகு பந்தி. சோறு, பருப்பு, பீன்ஸ் குழம்பு. யார் பக்கத்தில் யார் என்ற கணக்கே இல்லை. 'படையாச்சி', 'கோவெண்டர்' என்று எங்கள் ஜில்லாப் பட்டங்கள் அங்கே வெறும் குடும்பப் பெயர்களாகத் திரிகின்றன. ஜாதி அடியோடு செத்துவிட்டது என்று சாதிக்க மாட்டேன். கல்யாணப் பேச்சில் தலைநீட்டும் என்று தங்கையே சொன்னாள். பந்தியில் அது இல்லை.

அந்தப் பந்தியில்தான் என் எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். எங்கள் வழக்கப்படி "ஆயா" என்றேன். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் திண்டிவனம் என்றதும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவருடைய பாட்டனாரின் கப்பல் பதிவு நகல். நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், ஜாதி, அங்க அடையாளம். தாலுகா திண்டிவனம் என்பது எழுத்துப் பிழைகளினூடே தெரிந்தது. ஜாதிக் கட்டத்தில் 'பறையன்' என்பதன் ஆங்கில வடிவம்.

"தம்பி, இந்தச் சொல்லுக்கு இங்கிலீஷ் அகராதியில் ஒரு அர்த்தம் இருக்கிறதே, அதேதானா இது?" என்று கேட்டார்.

"நம் ஊரிலிருந்து போன சொல்தான், ஆயா. பறை கொட்டுகிறவர்கள் என்பது அதன் பழைய பொருள்" என்றேன்.

அதோ முழக்குகிறவன் தம் பேரன் என்று அவர் விரல் நீட்டினார். ஆனால் நான் முழுவதையும் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

அதே ஏப்ரல் மாதத்தில், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், தர்மராஜா திரௌபதை அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர் தாக்கப்பட்டார். நான் ஊர் திரும்பிய பின், ஜூன் 7-ந் தேதி, வருவாய்த் துறையினர் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி பூஜைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான், போலீஸ் காவலோடு, தலித் மக்கள் உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டார்கள். டர்பன் கோயிலின் கதவை அடைத்தது வெள்ளம். இங்கே அடைத்தது யார் என்று சொல்லத்தான் வேண்டுமா?

போன மாதம் தங்கையிடமிருந்து கடிதம். ஆயா அடுத்த சித்திரையில் இந்தியாவுக்கு வருகிறாராம். பாட்டனாரின் கிராமத்துக்குப் போக என்னைத் துணைக்கு அழைக்கிறார். கடைசியில், ஆயாவே சொல்லி எழுதச் சொன்னதாக ஒரு வரி: தேங்காயும் பழமும் கற்பூரமும் வாங்கிக்கொள்வாராம், அங்கே தட்டை யாரிடம் கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்து எழுத வேண்டுமாம்.

நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.