வென்றவரின் செலவு யாருக்கு?

கடலூரில் வசிக்கும் ஓய்வூதியர் ஒருவரின் பங்கு வணிகக் கணக்கில், அவர் ஒப்புதலின்றி நடந்த பரிவர்த்தனைகளால் ரூ.80,000 இழப்பு ஏற்பட்டதாகக் கொள்வோம். வழக்குரைஞர் கட்டணம் ரூ.40,000 என்றால், வென்றாலும் கையில் மிஞ்சுவது பாதிதான். நியாயம் தம் பக்கம் இருந்தும் சிறு முதலீட்டாளர்கள் பலர் ஒதுங்கிக்கொள்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இக்கணக்கை மாற்றும் வழி சட்டத்திலேயே உண்டு. 2023 ஜூலை 31-இல் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, பங்குச்சந்தைத் தகராறுகளுக்கு இணையவழித் தீர்வு முறையைக் கொண்டுவந்தது. முதலில் தரகு நிறுவனத்திடம் முறையிட வேண்டும். பிறகு 'ஸ்கோர்ஸ்' தளத்தில் புகார் அளிக்கலாம். அதன் பின்னரும் தீராவிட்டால் 'ஸ்மார்ட் ஓடிஆர்' தளத்தில் சமரசப் பேச்சு, அடுத்து நடுவர் விசாரணை. ரூ.1 லட்சத்துக்குக் குறைவான கோரிக்கைகள் பொதுவாக ஆவணங்களைக் கொண்டே தீர்க்கப்படும். விசாரணையின் இருக்கை முதலீட்டாளர் வசிக்கும் ஊராகவே கருதப்படுகிறது. எனவே, சிதம்பரத்துக்காரர் மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. சிறு கோரிக்கைக்கு வழக்குரைஞரும் கட்டாயமில்லை.

வழக்குரைஞர் தேவைப்பட்டால்? நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தில் (1996), 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 31-ஏ பிரிவின்படி, தோற்றவரே வென்றவரின் செலவை ஏற்க வேண்டும் என்பது பொதுவிதி. நியாயமான வழக்குரைஞர் கட்டணமும் அச்செலவில் அடங்கும். இதிலிருந்து விலக நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால், அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். 'யார் வென்றாலும் செலவு உன்னுடையது' எனத் தகராறு எழுமுன்பே எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது.

அமெரிக்காவில் பொதுவாக அவரவர் வழக்குரைஞர் கட்டணம் அவரவருக்கே. ஆனால், கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பேசிக்கொள்ளலாம். இந்தியாவில் அதற்கு இந்திய வழக்குரைஞர் குழும விதிகள் இடம் தருவதில்லை. 2017-இல் பி.சுனிதா வழக்கில் உச்சநீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே, 'வரும் தொகையில் இத்தனை சதவீதம்' என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். கட்டணத்தை முன்பே எழுத்தில் பேசி, ரசீது பெற வேண்டும். கோரிக்கை மனுவிலேயே செலவுத் தொகையையும் கேட்க வேண்டும். கேளாததைப் பெறுவது அரிது.

நடுவர்களுக்கும் கடமை உண்டு. இழப்பீட்டை வழங்கிவிட்டுச் செலவைப் பற்றி மௌனம் காக்கும் தீர்ப்பு, வென்றவருக்குப் பாதி நீதியையே வழங்குகிறது.