மன்னரின் நோயும் சின்னத்திரையும்

பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது அவருடைய சித்தக் கலக்கமே. 2023 இல் நெற்பிளிக்ஸில் வெளியான 'குயீன் ஷார்லற்' தொடர் அவரைக் கேலிப் பொருளாக்கவில்லை. வைத்தியம் என்ற பெயரில் நடந்த கொடுமைகளையும் அது மறைக்கவில்லை. அந்த வகையில் பாராட்டுக்குரியது.

ஆனால், காலக்கணக்கு இடிக்கிறது. திருமணம் நிகழ்ந்த 1761 இலேயே அவர் கடுமையாக நோயுற்றிருந்ததாகத் தொடர் காட்டுகிறது. அவரது சித்தம் ஊரறியக் கலங்கியதோ 1788 இல், 50 ஆவது வயதில். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அவர் 15 பிள்ளைகளுக்குத் தந்தையானார்; அரச கருமங்களை ஊக்கத்துடன் கவனித்தார். 1783 இல் அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்தபோதும் தெளிந்த சித்தத்துடனேயே இருந்தார்.

1815 இல் கண்டி இராச்சியம் அவர் பெயராலேயே பிரித்தானியா வசமாயிற்று. அப்போதுதான் அவர் உண்மையில் ஆளும் நிலையில் இல்லை. பார்வையிழந்து வின்ட்சர் கோட்டையில் அடைபட்டிருந்தார். 1811 முதல் மகனே பதில் ஆட்சி புரிந்து வந்தார்.

தான் வரலாற்றுப் பாடமல்ல என்று தொடரே அறிவிக்கிறது, உண்மைதான். ஆயினும், நோயை முன்கூட்டி வரவழைக்கும்போது, நலமாக வாழ்ந்த ஆண்டுகள் அம்மனிதரிடமிருந்து பறிபோகின்றன. நோயாளிக்கு நோய்க்கு அப்பாலும் ஒரு வாழ்வு உண்டு. மன்னருக்கும் அது பொருந்தும்.