நீர்க்கடுப்பும் நேர்மையான ஏடும்



கிள்ளான் தோட்டப்புறத்திலிருந்தோ பிரிக்ஃபீல்ட்ஸ் வீதியிலிருந்தோ ஒரு பெண்மணி மருத்துவமனைக்கு வருகிறார் என வைத்துக்கொள்வோம். சிறுநீர் கழிக்கையில் வலி, எரிச்சல். சோதனையில் கிருமி தெரியவில்லை. மருத்துவர் ஏட்டில் என்ன எழுதுவார்? இச்சிறு கேள்விக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு.

நம் சித்த மருத்துவர்கள் சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் நோக்கினர். அதில் ஒரு துளி எண்ணெய் விட்டு, பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் பரவினால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் எனக் கணித்தனர். பின்னாளில் நுண்பெருக்காடி வந்தது. நோய்க்குக் கிருமியும் காரணம் என உலகம் அறிந்தது.

1956இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு காஸ் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 கிருமிகள் இருப்பின் அது தொற்று என்பது அது. அளவுகோல் நல்லதே. ஆனால் அதற்குக் குறைந்தால் "உமக்கு ஒன்றுமில்லை" என்று பெண்களைத் திருப்பியனுப்பும் வழக்கமும் உடன் வளர்ந்தது. 1982இல் வால்டர் ஸ்டாம் குழுவினர் சியாட்டிலில் ஆராய்ந்தபோது, எரிச்சலோடு வந்த பெண்களின் தொற்றுகளில் ஏறக்குறையப் பாதியையே அவ்வளவுகோல் கண்டுபிடித்தது! 100 கிருமிகளே நோயைக் காட்டப் போதும் என்றனர். கிருமியே இல்லாமலும் கல், மருந்து, சிறுநீர்ப்பை அழற்சி போன்றவற்றால் வலி வரலாம்.

காரணம் புலப்படாத நோயை ஒழுங்காகப் பதிவு செய்தால் என்ன பயன்? கோலாலம்பூரே சான்று. 1905இல் இங்கிருந்த மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் ஃபிளெச்சர், பெரிபெரி நோயின் மூலத்தைத் தேடினார். தீட்டிய வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் மாண்டனர். நம்மவர் விரும்பும் புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய். அவ்விருவரும் அதன் அறிகுறியோடு வந்தவர்கள். உயிர்ச்சத்து என்ற சொல்லே பிறவாத காலம் அது. காரணத்தின் பெயர் தெரியாதபோதும், கண்டதைக் கண்டபடி எழுதிய ஏடு வழிகாட்டிற்று.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப்பட்டியலில், காரணம் குறிக்கப்படாத சிறுநீர் வலிக்கென்றே 'ஆர் 30.9' என்ற குறியீடு உண்டு. அது தோல்வியின் முத்திரையன்று; "தேடல் முடியவில்லை" என்னும் அறிவிப்பு. அவசரத்தில் 'தொற்று' என்று எழுதிவிட்டால், அடுத்த மருத்துவர் தேடுவதை நிறுத்திவிடுவார். வேண்டாத மருந்தும் தொடரும்.

நம் கடமையும் ஒன்றுண்டு. வலி எப்போது தொடங்கியது, காய்ச்சல், இடுப்பு வலி, இரத்தம், கருப்பம் உண்டா, என்ன மருந்து உண்டோம் என்பவற்றை நாணாமல் சொல்ல வேண்டும். கிருமிக்கொல்லி மருந்துக்கு முன்பே, இடைப்பட்ட சிறுநீரைச் சோதனைக்குத் தரவேண்டும். காய்ச்சலோ இரத்தமோ கண்டால் தாமதிக்கலாகாது.

தெரியாததைத் தெரியாது என எழுதுவதும் அறிவே.