அலமாரிச் சாவி

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். கான்கிரீட் கலவையைப் பற்றி எழுதினால் குடும்பத்தோடு வருகிறவர்கள் யார் படிப்பார்கள்? அதனால் நம்ம செட் நண்பர்கள் சேர்ந்து 2022-ல் கல்லூரிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக் கொடுத்த புத்தக பீரோவின் கதையையும், அதற்குப் பின்னால் இருக்கும் நூறு வருஷத்துக் கதையையும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டீல் பீரோ. முந்நூறு புத்தகங்கள். திறப்பு விழா, ஸ்வீட், போட்டோ எல்லாம் ஆயிற்று. ஒரு வருஷம் கழித்து நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பீரோவில் பூட்டு. நாங்கள் அடுக்கிய வரிசை துளிக்கூடக் கலையவில்லை. தலைமையாசிரியை அம்மா சங்கடத்தோடு சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க தம்பி. எல்லாத்தையும் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. ஒண்ணு தொலைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். இன்னும் ஒண்ணரை வருஷத்துல ரிட்டயர் ஆகப் போறேன்."

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. சைட் ஸ்டோருக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஒரு டிரில்லிங் மெஷின் குறைந்தால் என்ன பாடு என்று தெரியும்.

இந்தச் சாவிப் பிரச்சினையை எனக்கு முன்பே நன்றாகப் பார்த்துவிட்ட ஒருவர் உண்டு. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன கொஞ்ச நாளிலேயே தனிமை தாங்காமல், பழைய வேலையே போதும் என்று கல்லூரிக்குத் திரும்பி வந்து நின்றாராம். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கடையில் பார்த்த மெக்கானோ பொம்மைதான் பின்னால் 1933-ல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு விதை. நட்டும் போல்ட்டும் மாட்டி விளையாடிய நம்மைப் போன்றவர்களுக்கு இது பெருமையான விஷயம்.

1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. இதைச் சொல்ல ஒரு விதி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஐரோப்பாவில் இடைக்காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்திருந்ததிலிருந்து அவர் கதையை ஆரம்பிக்கிறார். நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், தரையில் நின்றபடியே கை எட்டும் உயரத்துக்கு மேல் தட்டு ஏன் கூடாது என்பது வரை அந்த ஒரு விதிக்குள்ளேயே கொண்டு வந்துவிடுகிறார். படிக்கிறவனே தட்டுக்கு முன்னால் நின்று எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அதே 1931-ல் அக்டோபர் மாதம், மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை அவருடைய துணையோடு மாட்டு வண்டியில் நூலகம் கிளப்பினார். ஊர் நூலகத்துக்கு வராவிட்டால் நூலகம் ஊருக்குப் போகட்டும் என்ற எண்ணம். 1942-ல் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே ரங்கநாதன் தனிப் புத்தகமும் எழுதினார்.

பிறகு 1948-ல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி மந்திரி தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். வீட்டு வரியோடு நூலக வரி, மாவட்டந்தோறும் நூலக ஆணைக் குழு என்று நல்ல ஏற்பாடு. பள்ளி நூலகம் மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. இத்தனைக்கும் கல்வித் துறை இயக்குநரே பொது நூலகங்களுக்கும் தலைவராக இருந்தார். 1972-ல்தான் தனி இயக்ககம் வந்தது. விளைவு, ஊர் நூலகத்துக்கு நூலகர் கிடைத்தார். பள்ளியில் இருந்ததோ ஒரு பீரோ, சாவியைச் சுமக்கும் ஒரு ஆசிரியர். அதுவும் கூடுதல் வேலையாக.

நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான். அதே அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி வெளியிட்டது. எங்கள் பீரோவில் பத்தும் இருந்தன. முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அஞ்சு வருஷம் அதே முதுகு. லைப்ரரி பீரியடில் வீட்டுக் கணக்கு போட்டோம். சாவி வைத்திருந்த சாரை அப்போது மனசுக்குள் திட்டியது உண்மை.

பணமும் திட்டமும் வராமல் இல்லை. 1987-ல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்திலேயே தொடக்கப் பள்ளிகளுக்கு நூலகப் புத்தகம் உண்டு. 2023-ல் தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. பையன் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்தது கேட்கிற அளவு. அருமையான யோசனை. அதையும் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டினால் என்ன செய்வது?

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது என்று தேடினேன். மத்திய அரசின் பொது நிதி விதிகளில் நூலகத்துக்கென்றே ஒரு விதி இருக்கிறது. 2005-லும் இருந்தது, 2017-ல் திருத்தி வந்ததிலும் இருக்கிறது. வருஷத்தில் எடுத்துக் கொடுத்த அல்லது பார்வைக்குத் தந்த ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைந்தால் அது நியாயமான இழப்பு. நாணயக் கேடோ கவனக் குறைவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கணக்கைக் கவனியுங்கள். ஆயிரம் என்பது பீரோவில் இருப்பது அல்ல, வெளியே போனது. கொடுக்கக் கொடுக்கத்தான் தொலையலாம். பூட்டியே வைத்திருந்தால் ஒன்றுகூடத் தொலைய அனுமதி இல்லை!

இது மத்திய அரசு அலுவலகங்களுக்கு. நம் கிராமப் பள்ளிக்கு அப்படியே செல்லாது. ஆனால் எனக்கு ஒரு பொறி தட்டியது. ஸ்டோரில் இரண்டு ரிஜிஸ்டர் வைக்கிறோம். மெஷின், கருவி எல்லாம் ஒன்றில். வெல்டிங் ராடு, கையுறை, சாக்பீஸ் போன்ற செலவாகிற சாமான் இன்னொன்றில். தீர்ந்து போன வெல்டிங் ராடை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பிள்ளைகள் புத்தகத்தை ஏன் முதல் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்?

2024-ல் இன்னொரு நூற்றிருபது புத்தகம் கொண்டு போனோம். எல்லாம் மெலிசு, பெரிய எழுத்து. அன்பளிப்புக் கடிதத்தில், இவை பிள்ளைகள் கையில் தேய்ந்து போவதற்காகத் தரப்படுகின்றன, திரும்பக் கணக்குக் கேட்க மாட்டோம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அம்மா இரண்டு தடவை படித்தார். "இத ஃபைல்ல வச்சுக்கலாமா?" என்று கேட்டு பத்திரப்படுத்திக்கொண்டார். பழைய பீரோ விஷயத்தில் மட்டும் அசையவில்லை. அது ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது, ஏறியதுதான். புதுசுக்கு மூன்றடி உயரத்தில் கதவில்லாத மரத் தட்டு அடித்து வகுப்பறைச் சுவரில் மாட்டினோம். லெவல் பார்த்தது நான். லேசாகச் சாய்ந்துவிட்டது, அது வேறு கதை.

வருஷக் கடைசியில் எண்ணினால் முப்பத்தெட்டு காணோம். பதினைந்துக்கு அட்டை இல்லை. செட்டில் ஒருவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. காணாமல் போனதில் ஒன்றை நான் பார்த்தேன். பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. கடைக்காரர் மகள் நாலாம் வகுப்பாம். "பாதியில விட்டுட்டுப் போயிருக்கா சார், எடுத்துடாதீங்க" என்றார் கடைக்காரர்.

அம்மா ரிட்டயர் ஆகிவிட்டார். புதிதாக வந்தவரும் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாராம். ஆண்டு விழா அன்று பதிவு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். உங்கள் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகம் எதுவானாலும் போடுங்கள். தடிப் புத்தகம் வேண்டாம். உள்ளே பெயர் எழுத வேண்டாம், முத்திரையும் வேண்டாம்.