மெல்லிய படலமும் கரடான பரப்பும்: சூரியக்கல வரலாற்றில் ஓர் அத்தியாயம்

விஞ்ஞான வரலாறு கண்டுபிடிப்புக்களின் காலவரிசை மாத்திரமன்று. அறியப்பட்ட உண்மையொன்று தேவை எழும்வரை உறங்கிக் கிடப்பதுமுண்டு. மெல்லிய படலச் சூரியக்கலத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1954 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கன் சூரியக்கலத்தை உருவாக்கினர். அதன் வினைத்திறன் ஏறத்தாழ 6 சதவீதமாகும். விலை மிகுதியால் அது சாதாரண மக்களை எட்டவில்லை. 1958 இல் ஏவப்பட்ட வான்காட் 1 முதலான செய்மதிகளுக்கே பயன்பட்டது.

1973 இன் எண்ணெய் நெருக்கடி இந்நிலையை மாற்றியது. சில மாதங்களுள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகவே, மலிவான சூரியக்கலத்திற்கான தேடல் தீவிரமடைந்தது. 1976 இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல்சனும் உரொன்ஸ்கியும் பளிங்குருவற்ற சிலிக்கன் படலத்தாலான கலத்தை அறிவித்தனர். ஒரு மைக்ரோமீற்றர் அளவான தடிப்பே அதற்குப் போதுமாயிருந்தது. ஆயின் அடுத்த ஆண்டே இப்பொருள் ஒளிபட்டு நலிவதை ஸ்டெப்ளரும் உரொன்ஸ்கியும் கண்டனர்.

இங்கேதான் முரண்பாடு தோன்றுகின்றது. படலம் மெலியுமாயின் நலிவு குறையும். ஆனால் செவ்வொளியின் பெரும்பகுதி உறிஞ்சப்படாது தப்பிச்செல்லும். இதற்கான தீர்வு பொருளிலன்று, பரப்பிலேயே கிடைத்தது. கரடான பரப்பிலே சிதறும் ஒளி சாய்வாகச் சென்று, முழுவுட்டெறிப்பினாற் படலத்துள்ளே சிறைப்படும்.

பரப்பின் இவ்வாற்றல் முற்றிலும் புதியதன்று. அந்துப்பூச்சியின் கண்ணிலுள்ள, 200 நனோமீற்றர் அளவான நுண்முகைகள் ஒளித்தெறிப்பைக் குறைப்பதை 1960களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பேர்ன்ஹார்ட் எடுத்துரைத்திருந்தார். 1974 இல் செய்மதிகளுக்கான பளிங்குச் சிலிக்கன் கலங்களிலே நுண்கூம்பகங்கள் செதுக்கப்பட்டன. எனினும், அக்கூம்பகங்கள் மெல்லிய படலத்தின் தடிப்பையே விஞ்சுவன. எனவே படலத்திற்கு அதனினும் நுண்ணிய கரடு வேண்டப்பட்டது. படலத்தைத் தாங்கும் பரப்பைக் கரடாக்கி, அதன்மீது படலத்தைப் படியவிடும் வழி பின்பற்றப்பட்டது.

ஒளியை எவ்வளவு சிறைப்படுத்தலாம் என்பதற்கு 1982 இல் யப்லோனோவிச் எல்லை வகுத்தார். மெலிவாக உறிஞ்சப்படும் ஒளிக்கு, முறிவுச் சுட்டியின் வர்க்கத்தின் நான்கு மடங்கே அவ்வெல்லையாகும். சிலிக்கனுக்கு இஃது ஏறத்தாழ 50 மடங்காகும். அடுத்த ஆண்டிலே கரடான பரப்புடைய படலக் கலங்கள் செய்து காட்டப்பட்டன. உரொன்ஸ்கியும் யப்லோனோவிச்சும் அக்காலத்திற் பணியாற்றியது எக்ஸொன் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலாகும். எண்ணெய்க்கு மாற்றீட்டை எண்ணெய்ப் பணமே தேடிய விந்தை ஈண்டு நோக்கற்பாலது.

1986 இல் எண்ணெய் விலை வீழ்ச்சியடைந்தது; அதற்கு முன்னரே ஐக்கிய அமெரிக்க அரசு சூரியசக்தி ஆய்வுக்கான நிதியைக் குறைத்திருந்தது. பளிங்குச் சிலிக்கனின் விலை பின்னர் வீழ்ந்தமையாற் சந்தையும் அதன் வசமாயிற்று. ஆயினும் பரப்பு பற்றிய அறிவு அழியவில்லை. ஒளியின் அலைநீளத்தினும் மெல்லிய படலங்களில், தக்க நனோ அமைப்புக்களால் 1982 இன் எல்லையையும் கடக்கலாமென 2010 இல் ஸ்டான்பேர்ட் ஆய்வாளர் கோட்பாட்டளவிற் காட்டினர்.

ஆய்வு எப்போது தொடங்கவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்பதை எண்ணெயின் விலை தீர்மானித்த காலம் அது. சூரியன் அவ்விலையை அறியான். சமூகம் எதனைத் தேவையெனக் கொள்கின்றதோ அதுவே விஞ்ஞானத்தின் போக்கை வகுக்கின்றது. அத்தேவையை யார் வரையறுக்கின்றனர் என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும்.